வெளிநாட்டு மனித உரிமைப் பயிற்சிக்குப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் இருந்து செயற்பாட்டாளர்கள் ஜெனீவாவுக்கும் பாங்கொக்குக்கும் பயிற்சிக்குப் போய்வருவது இப்போது புதினம் இல்லை. விசா, காப்புறுதி, குளிர் உடுப்பு எல்லாம் ஏற்பாட்டாளர்களின் பட்டியலிலேயே இருக்கும். பட்டியலில் இல்லாதவற்றில்தான் எங்கட ஆட்கள் சறுக்குகிறார்கள்.

முதல் தவறு, அடுத்தவர் கதையைக் கேட்காமல் கொண்டுபோவது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தோடு ஓர் அம்மா போராட்டப் பந்தலில் இருக்கிறார். அவரைப் போனில் படமெடுத்து, பெயர், ஊர், மகனைக் கடைசியாகக் கண்ட இடம் எல்லாவற்றையும் சிலைடில் போட்டுவிடுகிறோம். பகிரங்கமாக இருப்பவர்தானே என்ற நினைப்பு. அவர் பந்தலில் இருக்கச் சம்மதித்தார், அவ்வளவுதான். வெளிக்கிட முதல் வீட்டுக்குப் போய், எங்கே, யாருக்கு, எவ்வளவு சொல்லப்போகிறீர்கள் என்று விளங்கப்படுத்திக் கேளுங்கள். "பெயரைச் சொல்லு தம்பி, படம் வேண்டாம்" என்றால் படம் வேண்டாம். பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்படுவோர் தொடர்பான ஐ.நா. செயற்குழுவே, வெளியார் ஒருவர் முறையிட்டால் குடும்பத்தின் சம்மதத்தைக் கேட்கிறது. பிறகு நாங்கள் மட்டும் என்ன?

மடிக்கணினியிலும் இதே கதைதான். சாட்சிகளின் பெயர்ப் பட்டியலை முழுதாகச் சுமந்துகொண்டு கட்டுநாயக்காவைத் தாண்டத் தேவையில்லை.

அங்கே போனதும் குழுப்படம் எடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முதலே முகநூலில் போடுவது இன்னொன்று. பக்கத்தில் நிற்பவர், அந்த மண்டபத்தில் இருந்தார் என்பதற்காகவே சொந்த நாட்டில் சிறைக்குப் போகக்கூடியவராக இருக்கலாம்.

அப்புறம், சொந்த நாட்டின் கணக்கே தெரியாமல் போவது. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் சேர்ந்தது. தனியாள் முறைப்பாட்டுக்கு வழிவிடும் அதன் விருப்ப நெறிமுறையில் 1997இல் சேர்ந்தது. பொலிசுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கப்பட்ட நல்லரத்தினம் சிங்கராசா அந்த வழியால் போனார். அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. 2006இல் எங்கள் உயர் நீதிமன்றமோ, அந்த நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றது. இது தெரியாமல் போனால், "ஐ.நா.வுக்கு எழுதினால் சரிவரும்" என்ற நம்பிக்கையோடே திரும்பி வருவீர்கள். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதுவதால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று பயிற்றுநரை வகுப்பிலேயே குடைந்து கேளுங்கள். ஆங்கிலம் உடைந்தாலும் பரவாயில்லை, பாதிப் பேருக்கு அப்படித்தான்.

திரும்பி வந்ததும் சான்றிதழோடு படம் போடுவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, போடுங்கள். ஆனால் கதையைத் தந்த அம்மாவிடம் "ஐ.நா.வில கொடுத்திட்டம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பயிற்சி வகுப்பில் பேசியது முறைப்பாடு ஆகாது. முறைப்பாட்டுக்கென்று தனிப் படிவம் இருக்கிறது. அவருக்கு விருப்பமென்றால் பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடுங்கள்.