வைல்ட்ஃப்ளை சர்வர் அமைப்பு: த்ரெட், பூல், டைம்அவுட் மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பது எப்படி

ஜாவா பயன்பாடுகளை இயக்கும் சர்வரான வைல்ட்ஃப்ளையை இறக்கி, விரித்து, இயக்கினால் ஒரு நிமிடத்துக்குள் ஓடத் தொடங்கிவிடும். அதனால் அதன் இயல்புநிலை அமைப்புகளோடே அது உண்மையான பயனர்கள் வரும் புரொடக்ஷனுக்கும் போய்விடுகிறது. அந்த அமைப்புகள் டெவலப்பரின் மடிக்கணினியை மனதில் வைத்து எழுதப்பட்டவை: ஹீப் (ஜாவா ஆப்ஜெக்ட்களுக்கான நினைவகம்) 512 எம்பி, டேட்டாபேஸ் பூல் (திறந்து வைத்துப் பகிரப்படும் கனெக்ஷன்களின் தொகுப்பு) 20 கனெக்ஷன், டிரான்சாக்ஷன் (முழுதாக முடிய வேண்டிய, இல்லையேல் ரத்தாக வேண்டிய ஒரு வேலை) டைம்அவுட் 300 விநாடி. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் தவறில்லை. பல பேர் ஒரே நேரத்தில் வரும்போது இவை ஒன்றையொன்று பாதிக்கும் விதத்தில்தான் சிக்கல். இங்கே சொல்வது தனி சர்வராக இயங்கும் ஸ்டாண்ட்அலோன் முறைக்கானது. வைல்ட்ஃப்ளையை அடிப்படையாகக் கொண்ட ரெட் ஹேட்டின் ஜேபாஸ் இஏபி-க்கும் பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

எந்தக் கோப்பு, எதன் வழியாக மாற்றுவது

ஸ்டாண்ட்அலோன் அடைவுக்குள் இருக்கும் கான்ஃபிகரேஷன் அடைவில் பல எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். அவற்றில் முக்கியமானவை நான்கு. சாதாரண வெப் பயன்பாட்டுக்கு ஸ்டாண்ட்அலோன்.எக்ஸ்எம்எல் போதும். ஜேஎம்எஸ் மெசேஜிங் (பயன்பாடுகளுக்கிடையே செய்தி அனுப்பும் ஜாவா முறை) வேண்டுமென்றால் ‘ஃபுல்’ என்று முடிவது, கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் பல சர்வர்கள்) வேண்டுமென்றால் ‘ஹெச்ஏ’ என்று முடிவது, இரண்டும் வேண்டுமென்றால் ‘ஃபுல்-ஹெச்ஏ’. தேவையில்லாமல் பெரியதை எடுக்காதீர்கள். பயன்படுத்தாத சப்சிஸ்டமும் (சர்வரின் உட்பகுதி) போர்ட்டைத் திறக்கும், நினைவகத்தைத் தின்னும்.

சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது எக்ஸ்எம்எல் கோப்பைக் கையால் திருத்தக் கூடாது. சர்வர் தன் அமைப்பை நினைவகத்தில் வைத்திருக்கிறது. அடுத்த முறை யாராவது கன்சோலிலோ (நிர்வாக வலைப்பக்கம்) சிஎல்ஐ-யிலோ (கட்டளை வரிக் கருவி) ஒரு சின்ன மாற்றம் செய்தால் கோப்பு முழுவதையும் அது மீண்டும் எழுதும். நீங்கள் திருத்தியது தடயமில்லாமல் போய்விடும். பின் அடைவில் இருக்கும் ஜேபாஸ்-சிஎல்ஐ ஸ்கிரிப்டை ‘கனெக்ட்’ விருப்பத்தோடு இயக்கி, அதன் வழியாகவே மாற்றுங்கள். டேப் விசையை அழுத்தினால் அந்த இடத்தில் என்னென்ன வரலாம் என்று அதுவே காட்டும், பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஒவ்வொரு கட்டளைக்கும் வரும் பதிலைக் கடைசி வரி வரை படியுங்கள். ‘சக்சஸ்’ என்று வந்துவிட்டாலே மாற்றம் நடைமுறைக்கு வந்துவிட்டது என்று பொருளில்லை. கீழே ‘ரீலோட்-ரிக்வயர்ட்’ என்றிருந்தால் ரீலோட் கொடுக்கும் வரை பழைய மதிப்பே ஓடும். ‘ரீஸ்டார்ட்-ரிக்வயர்ட்’ என்றிருந்தால் ஜேவிஎம்-ஐயே, அதாவது சர்வர் ஓடும் ஜாவா புராசஸையே, நிறுத்தித் தொடங்க வேண்டும். மாற்றியும் பயனில்லை என்று புலம்பும் பல சந்தர்ப்பங்களில் காரணம் இந்த ஒரு வரிதான்.

மாற்றங்கள் எல்லாவற்றையும் ஒரு சிஎல்ஐ ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதி, கோடோடு சேர்த்து கிட் என்ற வெர்ஷன் கட்டுப்பாட்டுக் கருவியில் வையுங்கள். புது வெர்ஷனுக்குப் போகும்போது பழைய எக்ஸ்எம்எல்லை நகலெடுப்பதைவிட, புது வெர்ஷனின் கோப்பு மேல் ஸ்கிரிப்டை ஓட்டுவது பாதுகாப்பானது. தவறு நேர்ந்தாலும் பயமில்லை: கான்ஃபிகரேஷன் அடைவுக்குள்ளேயே ஸ்டாண்ட்அலோன்_எக்ஸ்எம்எல்_ஹிஸ்டரி என்ற அடைவில் முந்தைய நிலைகள் சேமிக்கப்பட்டிருக்கும்.

நினைவகம்

ஹீப் அளவை பின் அடைவில் இருக்கும் ஸ்டாண்ட்அலோன்.கான்ஃப் கோப்பில் மாற்ற வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு. இயங்குதளச் சூழலில் ஜாவா_ஆப்ட்ஸ் என்ற மாறி ஏற்கெனவே அமைக்கப்பட்டிருந்தால், இந்தக் கோப்பில் உள்ள இயல்புநிலை மதிப்புகளை ஸ்கிரிப்ட் பொருட்படுத்தாது. தொடங்கும்போது திரையில் அச்சாகும் ஜாவா_ஆப்ட்ஸ் வரியைப் பார்த்து, நீங்கள் எழுதிய எண் அங்கே இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இயந்திரத்தில் 8 ஜிபி இருக்கிறது என்பதற்காக ஹீப்புக்கு 7 ஜிபி கொடுக்கக் கூடாது. ஹீப்புக்கு வெளியே மெட்டாஸ்பேஸ் (ஜாவா கிளாஸ்களின் விவரங்களுக்கான இடம்), ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடும் வேலைக்கான இழை) சுமார் 1 எம்பி வரையான ஸ்டாக், நெட்வொர்க் பஃபர்கள், ஓடும்போதே மொழிபெயர்க்கும் ஜிட் கம்பைலரின் கோட் கேஷ் எல்லாம் இருக்கின்றன. சர்வர் மட்டுமே ஓடும் 8 ஜிபி இயந்திரத்துக்கு 4 ஜிபி ஹீப் நல்ல தொடக்கம். குறைந்தபட்சத்தையும் அதிகபட்சத்தையும் ஒரே அளவாக வைத்துவிடுங்கள். மொத்தப் பயன்பாடு இயந்திரத்தின் நினைவகத்தை மீறினால் ஜாவா பிழை எதுவும் லாகில் வராது. லினக்ஸ் கர்னலே புராசஸைக் கொன்றுவிடும். லாக் பாதியில் நின்றிருக்கும், அவ்வளவுதான். அப்படி நின்றால் கர்னல் லாகைப் பாருங்கள்.

இயல்பாக 256 எம்பி-யில் நிறுத்தப்பட்டிருக்கும் மெட்டாஸ்பேஸ் உச்சவரம்பு, பெரிய பயன்பாடுகளுக்குப் போதாது. 512 எம்பி ஆக்குங்கள். ஆனால் சர்வரை நிறுத்தாமல் மீண்டும் மீண்டும் பயன்பாட்டை ஏற்றி இயக்கும்போது (டிப்ளாய்) மட்டும் அது நிரம்புகிறது என்றால் அளவு பிரச்சினையில்லை, பயன்பாட்டில் கிளாஸ்லோடர் கசிவு (பழைய பதிப்பின் கிளாஸ்கள் விடுவிக்கப்படாமல் தங்குவது) இருக்கிறது. அளவைக் கூட்டுவது நாளைத் தள்ளிப்போடும், தீர்க்காது.

டேட்டாசோர்ஸ்: முழுக் கவனமும் இங்கே

டேட்டாசோர்ஸ் என்பது பயன்பாடு டேட்டாபேஸை அடைவதற்கான அமைப்பு; பூல் இதற்குள்தான் இருக்கிறது. முதலில் டிரைவர், அதாவது அந்த டேட்டாபேஸோடு பேசும் ஜாவா நூலகம். ஜார் கோப்பை மாட்யூல்ஸ் அடைவின் கீழ் தனி மாட்யூலாக வையுங்கள். சிஸ்டம்/லேயர்ஸ்/பேஸ் என்ற அடைவுக்குள் வைக்காதீர்கள், அது சர்வருக்குச் சொந்தமானது. அடுத்த பேட்ச் வரும்போது உங்கள் கோப்பு காணாமல் போகலாம். கூடவே வரும் எக்ஸாம்பிள்டிஎஸ் என்ற மாதிரி டேட்டாசோர்ஸை நீக்க நினைத்தால், இஇ சப்சிஸ்டத்தின் டிஃபால்ட்-பைண்டிங்ஸில் (இயல்பாகப் பயன்படுத்தப்படுபவற்றின் பட்டியல்) அதன் பெயர் இருப்பதை முதலில் மாற்றுங்கள். இல்லாவிட்டால் தேவையான சர்வீஸ் கிடைக்கவில்லை என்று உங்கள் பயன்பாடு டிப்ளாய் ஆகாமல் நிற்கும்.

இப்போது கணக்கு. கோரிக்கைகளைச் செய்து முடிக்கும் த்ரெட்களைத் தரும் வைல்ட்ஃப்ளையின் வொர்க்கர், கோர் ஒன்றுக்கு 16 என்ற விகிதத்தில் டாஸ்க் த்ரெட்களை அனுமதிக்கும். 8 கோர் இயந்திரத்தில் 128. டேட்டாபேஸ் பூலின் உச்சவரம்பு இயல்பாக 20. கனெக்ஷன் இல்லாமல் வரும் த்ரெட் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் பிளாக்கிங்-டைம்அவுட்-வெயிட்-மில்லிஸ் இயல்பாக 30,000, அதாவது 30 விநாடி.

இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். டேட்டாபேஸில் ஒரு குவெரி மெதுவாகிறது. 20 கனெக்ஷனும் அதில் மாட்டிக்கொள்கின்றன. மீதி 108 த்ரெட்களும் கனெக்ஷனுக்காக வரிசையில் நிற்கின்றன. அதற்குமேல் வரும் கோரிக்கை எதுவானாலும், டேட்டாபேஸே தொடாத ஹெல்த் செக் பக்கமாக இருந்தாலும், எடுத்துச் செய்ய த்ரெட் இல்லை. கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சர், சர்வர் செத்துவிட்டது என்று முடிவு செய்து, சுமையை அடுத்த சர்வர் மேல் தள்ளுகிறது. அதுவும் அதே வழியில் விழுகிறது. கனெக்ஷன் கிடைக்கவில்லை என்று 30 விநாடி கழித்து லாகில் வரும் ஐஜே000453, ஐஜே000655 பிழைகளைப் பார்த்துப் பூலை 200 ஆக்குவதுதான் பெரும்பாலோர் முதலில் செய்வது. மூழ்கிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸுக்கு அது இன்னும் பல மடங்கு குவெரிகளை அனுப்பும்.

செய்ய வேண்டியது வேறு. காத்திருப்பு நேரத்தை 5,000 மில்லிவிநாடியாகக் குறையுங்கள். ஐந்து விநாடியில் கனெக்ஷன் கிடைக்காத கோரிக்கைக்கு முப்பதாவது விநாடியில் கிடைத்தும் பெரும்பாலும் பயனில்லை, பயனர் அதற்குள் பக்கத்தைப் புதுப்பித்திருப்பார். பூலின் அளவை டேட்டாபேஸ் பக்கமிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் இயல்பாக 100 கனெக்ஷன் தரும், அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கப்பட்டவை. மூன்று வைல்ட்ஃப்ளை சர்வர்களில் தலா 40 என்று வைத்தால் 120 ஆகிறது. காலையில் எல்லாம் சரியாக ஓடும்; பூல் தேவைக்கேற்பத்தான் வளரும் என்பதால் உச்ச நேரத்தில் மட்டும் டேட்டாபேஸ் கதவை மூடும். மூன்று சர்வருக்குத் தலா 25 என்றால் 75. பேக்கப், ரிப்போர்ட், நிர்வாகி எல்லோருக்கும் இடம் மிச்சமிருக்கும். ஒரே சர்வரில் இரண்டு டேட்டாசோர்ஸ் அதே டேட்டாபேஸைத் தொட்டால் இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

செத்த கனெக்ஷன்கள் அடுத்த தலைவலி. மைஎஸ்கியூஎல் சும்மா கிடக்கும் கனெக்ஷனை இயல்பாக 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம் கழித்துத் துண்டிக்கும். இடையில் ஃபயர்வால் இருந்தால் அது இன்னும் சீக்கிரமே, சொல்லாமல் துண்டிக்கலாம். பூலுக்கு இது தெரியாது. நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் முதல் பயனர் பிழைப் பக்கத்தைப் பார்க்கும் கதை இதனால்தான் நடக்கிறது. உங்கள் டேட்டாபேஸுக்கான வேலிட்-கனெக்ஷன்-செக்கர் கிளாஸை அமைத்து, வேலிடேட்-ஆன்-மேட்ச் என்பதை இயக்கிவிடுங்கள். கனெக்ஷனைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் சோதிக்கும். பின்னணிச் சோதனை செலவு குறைவானதுதான், ஆனால் இரண்டு சோதனைகளுக்கு நடுவே செத்த கனெக்ஷன் பயனர் கைக்குப் போக வழியுண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் இயக்குங்கள். ஐடில்-டைம்அவுட்-மினிட்ஸ் மதிப்பு ஃபயர்வாலின் நேரத்தைவிடக் குறைவாக இருக்கட்டும்.

பூல் மெல்ல மெல்ல நிரம்பி, சுமை குறைந்தபிறகும் இறங்காமல் இருந்தால் அது கசிவு: கோடு எங்கோ கனெக்ஷனை மூடவில்லை. ஜேசிஏ சப்சிஸ்டத்தில் இருக்கும் கேஷ்ட்-கனெக்ஷன்-மேனேஜரின் டீபக் மதிப்பை சோதனைச் சர்வரில் இயக்கினால், மூடப்படாத கனெக்ஷனைத் தானே மூடி, அதை எடுத்த இடத்தை ஸ்டாக் டிரேஸோடு லாகில் எழுதும். புரொடக்ஷனில் இதை நிரந்தரமாக விடாதீர்கள்.

டைம்அவுட்களின் வரிசை

உள்ளே இருப்பது முதலில் கைவிட வேண்டும், வெளியே இருப்பது கடைசியில். குவெரி 20 விநாடி, டிரான்சாக்ஷன் 40, முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் ரிவர்ஸ் பிராக்ஸி 60 என்பது நடைமுறையில் நன்றாகப் பொருந்தும் வரிசை. இயல்புநிலையில் இது தலைகீழாக இருக்கிறது: ரிவர்ஸ் பிராக்ஸியான என்ஜின்எக்ஸ் 60 விநாடியில் 504 (நேரம் கடந்தது என்ற பிழை) கொடுத்துவிடும், வைல்ட்ஃப்ளையின் டிரான்சாக்ஷன் 300 விநாடி வரை உயிரோடு இருக்கும். பயனர் மறுபடி அழுத்துகிறார், அதே வேலை இரண்டாவதாகத் தொடங்குகிறது, முதலாவது இன்னும் பூட்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

டிரான்சாக்ஷன் டைம்அவுட்டை மட்டும் குறைத்துவிட்டு நிம்மதி அடைய முடியாது. நேரம் கடந்ததும் டிரான்சாக்ஷன் ரத்தாகக் குறிக்கப்படும், லாகில் அர்ஜுனா012117 எச்சரிக்கை வரும். ஆனால் டேட்டாபேஸின் பதிலுக்காக நிற்கும் த்ரெட் அங்கேயேதான் நிற்கும். அதை விடுவிக்க டேட்டாசோர்ஸில் குவெரி-டைம்அவுட் வேண்டும். செட்-டிஎக்ஸ்-குவெரி-டைம்அவுட் என்பதை இயக்கினால், டிரான்சாக்ஷனில் மீதமிருக்கும் நேரமே குவெரியின் வரம்பாகிவிடும். நீண்ட நேரம் ஓடும் பேட்ச் வேலைகளுக்காகப் பொது வரம்பை உயர்த்தாதீர்கள், அந்த மெத்தடுக்கு மட்டும் தனி டைம்அவுட் கொடுங்கள்.

டிரான்சாக்ஷன் சப்சிஸ்டத்திலேயே இன்னொன்றையும் தொட்டுவிடுங்கள்: நோட்-ஐடென்டிஃபையர். எல்லாச் சர்வர்களிலும் இது ‘1’ என்றே இருக்கும். எக்ஸ்ஏ டிரான்சாக்ஷன் (ஒன்றுக்கு மேற்பட்ட டேட்டாபேஸ் போன்றவற்றை ஒன்றாகக் கட்டும் டிரான்சாக்ஷன்) பயன்படுத்தும் சர்வர்கள் ஒரே டேட்டாபேஸைப் பகிர்ந்தால், ஒன்றின் மீட்பு வேலை இன்னொன்றின் டிரான்சாக்ஷனைத் தன்னுடையது என்று எண்ணி ரத்து செய்யக்கூடும். ஒவ்வொரு சர்வருக்கும் தனிப்பெயர், 23 பைட்டுக்குள்.

வெப் பக்கம், போர்ட்கள், லாக்

8080, 8443 பயனர்களுக்கு, 9990 நிர்வாகத்துக்கு. இவை எல்லாம் இயல்பாக 127.0.0.1-இல் (அதே இயந்திரத்துக்குள்) மட்டும் கேட்கும். வெளியிலிருந்து வர முடியவில்லை என்றதும் நிர்வாகப் போர்ட்டையும் சேர்த்து 0.0.0.0-க்கு (எல்லா முகவரிகளுக்கும்) திறந்துவிடுவது மிக ஆபத்தான பழக்கம். பொது இன்டர்ஃபேஸை மட்டும் திறந்து, கன்சோலுக்கு எஸ்எஸ்ஹெச் டனல் (மறையாக்கப்பட்ட தொலை இணைப்பு) வழியாகப் போங்கள். ஒரே இயந்திரத்தில் இரண்டு சர்வர் என்றால் போர்ட்-ஆஃப்செட் 100 கொடுத்தால் போதும், 8080 என்பது 8180 ஆகும், 9990 என்பது 10090 ஆகும்.

பிராக்ஸிக்குப் பின்னால் வைத்தால் ஹெச்டிடிபி-லிஸனரில் (வெப் கோரிக்கைகளை ஏற்கும் பகுதி) பிராக்ஸி-அட்ரஸ்-ஃபார்வர்டிங்கை இயக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் லாகில் எல்லாப் பயனரும் பிராக்ஸியின் ஐபி-யிலிருந்தே வருவார்கள், லாகின் முடிந்ததும் ரீடைரக்ட் ஹெச்டிடிபிஎஸ்ஸை விட்டு ஹெச்டிடிபி-க்குப் போகும். ஆனால் பிராக்ஸியைத் தாண்டி யாரும் நேரடியாக அந்தப் போர்ட்டை அடைய முடியாதபடி பூட்டியபிறகே இயக்குங்கள். பயனரின் ஐபி-யைச் சர்வருக்குச் சொல்லும் ஹெடரை யார் வேண்டுமானாலும் பொய்யாக எழுதி அனுப்பலாம்.

பெரிய கோப்பு ஏறவில்லை என்றால் இரண்டு இடம் பாருங்கள். என்ஜின்எக்ஸின் வரம்பு இயல்பாக 1 எம்பி, அது 413 (கோரிக்கை மிகப் பெரியது என்ற பிழை) கொடுக்கும். அதைத் தாண்டினால் லிஸனரின் மேக்ஸ்-போஸ்ட்-சைஸ் 10 எம்பி-யில் நிறுத்தும். அப்போது சர்வர் லாகில் யூடி000020 என்று வரும்.

பெரிய பயன்பாடு டிப்ளாய் ஆகும்போது 300 விநாடியில் எல்லாம் பின்வாங்கினால், ஜேபாஸ்.ஏஎஸ்.மேனேஜ்மென்ட்.பிளாக்கிங்.டைம்அவுட் என்ற சிஸ்டம் பிராப்பர்டியை உயர்த்தலாம். அதற்கு முன் த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நொடியில் எங்கே நிற்கிறது என்ற பதிவு) எடுத்துப் பாருங்கள். பல நேரம் தொடக்கத்தில் ஏதோ ஒரு வெளிச் சேவைக்காகக் கோடு காத்துக்கொண்டிருக்கும்.

சர்வர் லாக் தினமும் புதுக் கோப்பாக மாறும், ஆனால் பழையவற்றை யாரும் அழிப்பதில்லை. வட்டு நிரம்பினால் டிரான்சாக்ஷன் லாகையும் எழுத முடியாது, சர்வரே முடங்கும். அளவு சார்ந்த ரொட்டேட்டிங் ஹேண்ட்லருக்கு மாற்றி, 50 எம்பி, 20 கோப்பு என்று கட்டுப்படுத்துங்கள். அக்சஸ் லாகையும் இயக்குங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எடுத்த நேரம் அதில் வர வேண்டுமென்றால் லிஸனரில் ரெக்கார்ட்-ரிக்வெஸ்ட்-ஸ்டார்ட்-டைமையும் இயக்க வேண்டும்.

சுமை கொடுத்துப் பார்க்கும்போது

டேட்டாசோர்ஸில் ஸ்டாடிஸ்டிக்ஸ்-எனேபிள்டை இயக்கி, உண்மையான சுமைக்கு நெருக்கமான சோதனையை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். பிறகு பூல் புள்ளிவிவரத்தில் மேக்ஸ்யூஸ்ட்கவுன்ட், வெயிட்கவுன்ட், டைம்ட்அவுட் மூன்றையும் படியுங்கள். உச்சப் பயன்பாடு 25-இல் 11 என்றால் பூல் தாராளமாகவே இருக்கிறது, தொடாதீர்கள். 25-ஐத் தொட்டு, காத்திருப்பும் ஏறிக்கொண்டே போனால் அதே நேரத்தில் டேட்டாபேஸின் சிபியு-வைப் பாருங்கள். அது ஓய்வாக இருந்தால் பூலை ஐந்து ஐந்தாகக் கூட்டலாம். அது ஏற்கெனவே நூறு சதவீதத்தில் இருந்தால் பூலை விட்டுவிட்டு, மெதுவான குவெரியைத் தேடுங்கள்.