இரவில் காட்டுப்பாதையில் சைக்கிள்: விளக்கை எங்கே மாட்டுவது?

சிங்கப்பூரின் செஸ்ட்நட், புக்கிட் தீமா மலைச் சைக்கிள் பாதைகளை மாலை 7 மணிக்கு மூடிவிடுவார்கள். அதனால் வேலை முடிந்து நானும் நண்பனும் போவது, 2011இல் ரயில் ஓட்டம் நின்றுபோன பழைய தடத்துக்கு, அதாவது ரயில் காரிடாருக்கு. மரங்கள் அடர்ந்த இடங்களில் கும்மிருட்டு.

தலைக்கவசத்தில் மட்டும் விளக்கு மாட்டாதீர்கள். வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே போவதால் வேர், கல், பள்ளம் எதற்கும் நிழல் தெரியாது. தரை தட்டையாகத்தான் தோன்றும். ஹேண்டில்பாரில் ஒன்று இருந்தால் வெளிச்சம் தாழ்வாக விழும், மேடுபள்ளம் பளிச்சென்று தெரியும். தலைவிளக்கு வளைவில் நீங்கள் பார்க்கும் பக்கம் திரும்பும். இரண்டும் வேண்டும். பின்னால் சிவப்பு விளக்கும் மாட்டுங்கள்.

அப்புறம், இருவர் போகும்போது இடைவெளி மிக முக்கியம். நண்பர் ஒட்டி வந்தால் அவர் விளக்கு உங்கள் நிழலையே உங்கள் முன்சக்கரத்துக்கு எதிரே தள்ளும். அந்தக் கறுப்புக்குள் என்ன கிடக்கிறதென்று தெரியாது. ஐந்தாறு சைக்கிள் நீளமாவது தள்ளி வரச் சொல்லுங்கள். நின்று பேசும்போது தலைவிளக்கைக் கீழே திருப்புங்கள். முகத்தில் அடித்தால் கண் மறுபடி இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் பிடிக்கும்.

மழை விட்ட ராத்திரியில் பனிமூட்டம் இருந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள். கூட்டினால் எதிரே வெள்ளைத் திரைதான்.