பிங் எகிறினால் முதலில் ரவுட்டரைக் கேளுங்கள்

ஆன்லைன் ஆட்டத்தில் லேக் அடிக்கிறது, அதாவது எல்லாம் தாமதமாக நடக்கிறது என்றதும் நம்மில் பலர் செய்யும் முதல் காரியம் ரவுட்டரை அணைத்துப் போடுவது. அடுத்தது நெட்காரருக்கு போன் போட்டுக் கத்துவது. அதுவும் ஒத்துவரவில்லை என்றால் 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்குவது. நான் மூன்றையும் செய்தவன். மூன்றாவதில் மாதாமாதம் காசு போனதுதான் மிச்சம். ஏனென்றால் வாலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி ஆட்டங்கள் ஓடும்போது வழக்கமாக ஒரு எம்பிபிஎஸ் கூடப் பிடிக்காது. அவற்றுக்கு வேண்டியது வேகமில்லை, தகவல்கள் சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகத் தவறாமல், தாமதிக்காமல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள். முதலில் அது நெட் கோளாறுதானா என்று பாருங்கள். ஆட்டத்தின் செட்டிங்ஸில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்), பிங் (சர்வருக்குப் போய்வரும் நேரம், மில்லிசெகண்டில்), பாக்கெட் லாஸ் (வழியில் தொலையும் பாக்கெட்டுகள்) மூன்றையும் திரையில் காட்டச் சொல்லலாம். படம் திக்கும்போது எஃப்பிஎஸ் விழுந்து பிங் அசையாமல் இருந்தால் அது கம்ப்யூட்டரின் பிரச்சினை, இங்கே சொல்லப்போகும் எதுவும் உதவாது. எதிராளி சட்டென்று இடம் மாறி நிற்கிறான், சுட்டது படவில்லை, எஃப்பிஎஸ் மட்டும் அப்படியே இருக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

விண்டோஸில் கட்டளை அடிக்கும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பிங் (ping) என்று அடித்து, ஓர் இடம் விட்டு ரவுட்டரின் முகவரி, மறுபடி ஓர் இடம் விட்டு ஒரு கழித்தல் குறியும் டி எழுத்தும் அடியுங்கள். ரவுட்டர் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும், இல்லையென்றால் ஐபிகான்ஃபிக் (ipconfig) அடித்து டீஃபால்ட் கேட்வே வரியைப் பாருங்கள். இரண்டாவது ஜன்னலில் அதேபோல 8.8.8.8, அது கூகுளின் பொது சர்வர். அப்புறம் டிரேஸர்ட் (tracert) என்ற கட்டளையை 8.8.8.8-க்குக் கொடுத்தால் வழியில் உள்ள முகவரிகள் வரிசையாக வரும். முதலாவது உங்கள் ரவுட்டர், இரண்டாவது பெரும்பாலும் நெட் கம்பெனியின் முதல் கருவி. அது பதில் சொன்னால் மூன்றாவது ஜன்னலில் அதையும் ஓடவிடுங்கள். மூன்றும் ஓடட்டும், நீங்கள் ஒரு மேட்ச் ஆடுங்கள், லேக் அடித்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த ஜன்னலில் எண்கள் எகிறியிருக்கின்றன என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

ரவுட்டர் ஜன்னலே ஆடுகிறதா? அப்படியானால் குற்றவாளி வீட்டுக்குள்தான். கேபிளில் இந்த எண் 1 மில்லிசெகண்டுக்குக் கீழே நிற்கும், நல்ல வைஃபையில் சில மில்லிசெகண்டு. திடீர் திடீரென்று 80, 200 என்று தாவினாலோ ரிக்வெஸ்ட் டைம்டு அவுட் வந்தாலோ நெட்காரரைத் திட்டிப் புண்ணியமில்லை. ஒரு லேன் கேபிள் வாங்கிப் போடுங்கள். சாதாரண கேட் 5ஈ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும், கேமிங் கேபிள் என்று பளபளப்பாக விற்பதெல்லாம் வேண்டாம். சுவரில் ஓட்டை போட ஓனர் விடமாட்டார் என்றால் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள். பல ரவுட்டர்களில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருப்பதால் லேப்டாப் தானாக 2.4 கிகாஹெர்ட்ஸில் போய் உட்கார்ந்துகொள்ளும், பெயரைப் பிரித்து வைத்தால் அந்தத் தொல்லை இருக்காது. அடுக்குமாடி வீட்டில் 2.4-ஐ விட்டால் வேறு வழியில்லை என்றால் சேனல் 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைந்ததை எடுங்கள், மற்றவை ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில்தான் இரையும். ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ரவுட்டர் ஜன்னல் சாது, மற்ற இரண்டும் சில நேரம் மட்டும் ஏறுகின்றன. இது எனக்கு நடந்தது. தினமும் இரவு 9 மணி வாக்கில் பிங் 30-இலிருந்து 400-க்குப் போகும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாக இறங்கும். மாலையில் எல்லாரும் நெட் பார்ப்பதால் லைன் நெரிசல் என்றே நம்பிக்கொண்டிருந்தேன், மேலே சொன்ன பிளான் மாற்றமும் அப்போது செய்ததுதான். கடைசியில் பார்த்தால் தம்பி வேலை முடிந்து வந்து வைஃபைக்குள் நுழைந்ததும் அவன் போன் அன்றைய போட்டோ, வீடியோவையெல்லாம் மேலே ஏற்ற ஆரம்பிக்கிறது. அப்லோடு நிரம்பியதும் ரவுட்டர் பாக்கெட்டுகளை வரிசையில் நிறுத்தி வைக்கும், என் ஆட்டத்தின் பாக்கெட்டும் அந்த வீடியோவுக்குப் பின்னால் கியூவில் நிற்கும். இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் சோதனை முடிந்ததும் கூடுதல் விவரம் கேட்டால் அன்லோடட் (லைன் சும்மா இருக்கும்போது), லோடட் (லைன் நிரம்பியிருக்கும்போது) என்று இரண்டு லேட்டன்சி, அதாவது தாமதம், காட்டும். முதலாவது 20, இரண்டாவது 300 என்றால் இதுதான் வியாதி. ரவுட்டரில் இந்தக் கியூவை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் (SQM) வசதி இருந்தால் அதை இயக்கி, அப்லோடு உண்மையில் கிடைப்பதில் 85, 90 சதவீதத்துக்கு வரம்பு போடுங்கள். இல்லாவிட்டால் நான் செய்ததைச் செய்யுங்கள், பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளச் சொல்லித் தம்பியிடம் கெஞ்சினேன்.

வீட்டில் யாரும் எதுவும் செய்யாதபோதும் நெட் கம்பெனி ஜன்னலில் பாக்கெட் விழுகிறது என்றால் லைன் பழுது. ஃபைபர் மோடத்தில் எல்ஓஎஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. எரியாமலும் பழுது இருக்கலாம். மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு எண் இருக்கும், வந்துசேரும் ஒளியின் வலு அது. வழக்கமான ஜிபான் (GPON) ஃபைபர் இணைப்பில் அது மைனஸ் 27 டிபிஎம்மை நெருங்கினால் விளிம்பில் தொங்குகிறது என்று அர்த்தம். வீட்டு ஜன்னல் இடுக்கில் கேபிள் மடங்கியிருந்தாலே போதும், இப்படி ஆகும். நெட் சரியில்லை என்று பொதுவாகப் புகார் சொன்னால் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் பண்ணுங்க சார் என்பார்கள். உங்கள் முதல் கருவியிலேயே 5 சதவீதம் பாக்கெட் லாஸ், ஆர்எக்ஸ் இவ்வளவு, இதோ ஸ்கிரீன்ஷாட் என்று அனுப்பினால் ஆள் வருவார். ஒரு எச்சரிக்கை: டிரேஸர்ட்டின் நடுவில் ஓரிரு வரியில் நட்சத்திரம் வந்து, அதற்கடுத்தவை ஒழுங்காக இருந்தால் அது பழுதில்லை. அந்தக் கருவி டிரேஸர்ட்டுக்குப் பதில் சொல்ல மெனக்கெடவில்லை, அவ்வளவுதான்.

மூன்று ஜன்னலும் சுத்தம், ஆட்டத்தில் மட்டும் பிங் அதிகமா? எந்த சர்வரில் ஆடுகிறீர்கள் என்று பாருங்கள். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து மும்பை ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர், போய்வர 10 மில்லிசெகண்டு. சிங்கப்பூர் 2,900, ஆக 29. இது நேர்கோட்டுக் கணக்கு, கேபிள் சுற்றிப் போவதால் நிஜத்தில் கூடும். வாலரண்ட்டில் மும்பை சர்வர் உண்டு, ஆனால் பார்ட்டிக்கு, அதாவது சேர்ந்து ஆடும் குழுவுக்கு, சிங்கப்பூரும் டிக் ஆகியிருந்தால் எல்லாரும் அங்கே போய் நிற்கலாம். 2025 செப்டம்பரில் சவுதியின் ஜெட்டா அருகே செங்கடலில் கடலடிக் கேபிள்கள் அறுந்த மாதிரி சமயங்களில் மேற்கே உள்ள சர்வர்களுக்கு உங்கள் கையில் எதுவுமில்லை. டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையும் என்பது சும்மா, அது பெயரை முகவரியாக்குவதோடு சரி. வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் மட்டும், நெட் கம்பெனி ஊரைச் சுற்றி அனுப்பும் அபூர்வமான சமயத்தில் உதவும், மற்றபடி கூடுதல் தூரம்.

கடைசியாக, பிங் எல்லாம் ஒழுங்காக இருந்து திடீரென்று மொத்தமாகக் கட் ஆகி இரண்டு நிமிடம் கழித்து வருகிறதா? அந்த நொடியில் ஃபேன் லேசாகத் திக்கியதா என்று யோசித்துப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்த இமைப்பொழுதில் மோடம் ரீஸ்டார்ட் ஆகிவிடும், விளக்கு அணையாததால் நமக்குத் தெரியாது. பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் உண்டு, அதில் போட்டால் சீக்கிரம் மாறும். அதுவும் போதவில்லை என்றால் ரவுட்டருக்கென்றே விற்கும் மினி யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள், ஆனால் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று படித்துவிட்டு. மோடமும் ரவுட்டரும் தனித்தனிப் பெட்டி என்றால் இரண்டுக்குமே வேண்டும்.