இரவு பஸ்ஸில் கொழும்பு போகிறவர்களுக்கு ஒரு தொழுகைக் குறிப்பு

அக்கரைப்பற்று, காத்தான்குடியிலிருந்து இரவு பஸ் ஏறுகிற சிலர் மஃரிபோடு (அந்தித் தொழுகை) இஷாவையும் (இரவுத் தொழுகை) வீட்டிலேயே சேர்த்துத் தொழுதுவிட்டுக் கிளம்பப் பார்க்கிறார்கள், நம்ம ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பிரிவில்) அது சரிவராது, சேர்த்தும் சுருக்கியும் தொழுகிற சலுகை பயணிக்குத்தான், ஊர் எல்லையைத் தாண்டினால்தான் பயணி. பஸ் மஃரிபுக்கு முன்பே வெளிக்கிடுகிறதா? மஃரிப் நேரம் முடிவதற்குள் இஷாவோடு சேர்த்துத் தொழுவதாக நிய்யத் (மனதில் எண்ணம்) வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு நிறுத்துகிற இடத்தில் மஃரிப் 3 ரக்அத் (தொழுகைச் சுற்று), இஷா நாலைச் சுருக்கி 2 ரக்அத் தொழலாம். (மஃரிபும் சுபஹும், அதாவது அதிகாலைத் தொழுகையும், சுருங்காது.) உள்ளூர் இமாமுக்குப் பின்னால் நின்றால் மட்டும் இஷா நாலுதான். கிப்லா (தொழும்போது முகம் திருப்புகிற மக்கா திசை) மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்வு. எங்கே நிறுத்துவார்கள் என்று ஏறும்போதே கொண்டக்டரிடம் கேட்டு வையுங்கள், வுழூவுக்கு (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவ) ஒரு போத்தல் தண்ணீர் போதும். அப்புறம், கல்முனை–மட்டக்களப்பு ஓட்டத்துக்கெல்லாம் இந்தச் சலுகை கிடையாது, போகிற தூரம் சுமார் 80 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும்.