ஒரே பால் மங்கு, நான்கு விதக் கலை: தொடங்குபவர்களுக்கு

'நவீன கலை ஒன்றுமே புரியவில்லை' என்று மலேசியாவின் சுங்கை சிப்பூட் பக்கத்துப் பிள்ளைகள் சொன்னால் நான் புத்தகம் எதுவும் தருவதில்லை, வீட்டுப் பின்கட்டில் கிடக்கும் பழைய பால் மங்கு (ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்) ஒன்றை எடுத்து வரச் சொல்வேன். கடந்த ஐம்பது ஆண்டுக் கலையைக் கையால் செய்து பார்க்க அது போதும்.

முதலில் மங்குக்கு ஒரு சீட்டு எழுதுங்கள், கண்காட்சியில் பொருளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி விவரச் சீட்டு. சிரிக்க வேண்டாம். 1974இல் கோலாலம்பூர் டேவான் பஹாசா மொழி நிறுவனத்தில் கலைஞர்கள் ரெட்சா பியாடாசாவும் சுலைமான் ஈசாவும் எரிந்துபோன கொசுவர்த்தியையும் காலிப் பறவைக் கூண்டையும் அப்படியே காட்சிக்கு வைத்தார்கள். கூண்டின் சீட்டில் பறவையைத் திறந்துவிட்ட நேரம்கூட இருந்தது: ஜூன் 10, பிற்பகல் 2.46. அந்த வரியைப் படித்த பிறகு அதை வெறும் கூண்டாகப் பார்க்க முடியுமா? பால்மரம் வெட்டிய பாட்டியிடம் கேளுங்கள்: தோட்டத்தில் எந்த மர நிரை, எந்த வருடம், கடைசியாக யார் துடைத்தது. கேட்டதை மட்டும் எழுதுங்கள், 'தியாகம்', 'வியர்வை' எல்லாம் வேண்டாம்.

அடுத்தது ஸ்டென்சில், அதாவது வெட்டிய அட்டையை வைத்து அதன் மேல் மை அடிப்பது. 1981 வாக்கில் பாரிஸ் சுவர்களில் பிளெக் லெ ரா எலி எலியாக அடித்துத் தள்ளியது இந்த முறையில்தான், பேங்க்ஸி போன்ற தெருக் கலைஞர்கள் எல்லாம் அதற்குப் பிறகு. தடித்த அட்டையில் மங்கு வரைந்து வெட்டுங்கள். உள்ளே இருக்கும் பால் வெள்ளையாகத் தெரிய வேண்டுமென்றால் அந்த வட்டத்தை வெளி அட்டையோடு பிடித்துவைக்க இரண்டு மெல்லிய பட்டைகளை வெட்டாமல் விட வேண்டும், இல்லாவிட்டால் வட்டம் கழன்று கையோடு வந்துவிடும். ஒரு சாண் தள்ளி நின்று, லேசாக இரண்டு முறை ஸ்ப்ரே அடியுங்கள். அவசரப்பட்டுக் கொட்டினால் மை அட்டைக்கு அடியில் ஓடிவிடும். முகக்கவசம் போடுங்கள், அப்புறம் சுவர்க்காரரிடம் கேட்டுவிட்டு அடியுங்கள்.

மூன்றாவதுக்கு நிறைய மங்கு வேண்டும். நைஜீரியாவில் வாழ்ந்த கலைஞர் எல் அனட்சுய் மதுப்புட்டி மூடிகளைத் தட்டி, துளையிட்டு, செம்புக் கம்பியால் கோத்துச் சுவரளவு துணிபோலத் தொங்கவிட்டார். நீங்கள் பிளாஸ்டிக் மங்குகளில் துளை போட்டு, மரத்தில் மங்கைத் தாங்கும் அந்தக் கம்பியாலேயே கட்டலாம். வேலை சலிப்பாகத்தான் இருக்கும்.

கடைசியாகச் சுவரோவியம். 2012இல் பினாங்கு ஆர்மீனியன் தெருவில் எர்னஸ்ட் சக்காரெவிச் இரண்டு பிள்ளைகளைச் சுவரில் வரைந்து, அவர்கள் ஓட்ட நிஜ சைக்கிளையே பொருத்தினார். நம் ஊரில் படம் எடுக்கக் கூட்டம் நிற்பது இந்த வகைக்குத்தான், எனக்கென்னவோ சீட்டு எழுதுவதுதான் பிடிக்கும். பால்மரத்தை வரைந்து நிஜ மங்கைத் திருகாணியால் பொருத்துங்கள், கைக்கு எட்டாத உயரத்தில், இல்லையென்றால் மறுநாள் யார் வீட்டிலாவது பூச்சட்டியாகிவிடும். பால் வடிய மரப்பட்டையில் போடும் வெட்டுக்கோடு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிய வேண்டும். மாற்றி வரைந்தால் ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் மையைக் காயவிடமாட்டார்கள்.