மணிக்கணக்கை மட்டும் நம்பி மயக்கம் கொடுக்காதீர்கள்

ராத்திரி எட்டு மணிக்கு அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டுவிட்டு வண்டியில் கிளம்பியவர், எட்டரைக்குப் பவானி ரோட்டில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். காலை ஆறு மணிக்கு ஆபரேஷன். "சாப்பிட்டுப் பத்து மணி நேரம் ஆச்சுங்க டாக்டர்" என்று மகன் சொன்னார், நானும் சரி என்று விட்டுவிட்டேன். மயக்கம் கொடுத்த அரை நிமிடத்தில் வாய் நிறையச் சோறு வந்தது, பருக்கைகூடக் கரையவில்லை. மூன்று நாள் ஐசியூவில் ஆக்சிஜனோடு கிடந்துதான் அவர் பிழைத்தார். விழித்திருக்கும்போது புரையேறினால் இருமித் தள்ளிவிடுவோம், மயக்கத்தில் அந்த இருமல் கிடையாது. பிரிட்டனில் 2011இல் வெளியான பெரிய ஆய்வில், மயக்கத்தின்போது மூச்சுப்பாதைச் சிக்கலால் நேர்ந்த மரணங்களுக்கு முதல் காரணமே வயிற்றில் இருப்பது இப்படி மேலே வந்து நுரையீரலுக்குள் போவதுதான்.

நான் செய்த தவறு, சாப்பாட்டுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவிலுள்ள நேரத்தை எண்ணியது. அடிபட்டவரிடம் எண்ண வேண்டியது சாப்பாட்டுக்கும் அடிபட்டதற்கும் நடுவிலுள்ள நேரத்தை. வலி, பயம், வலிக்காகப் போட்ட மார்பின், எல்லாம் சேர்ந்து இரைப்பையை அப்படியே நிறுத்திவிடும். அவருக்கு அந்த இடைவெளி அரை மணி நேரம்தான்! பிரசவ வலியில் இருப்பவர், குடல் அடைத்தவர், பல வருஷமாகச் சர்க்கரை உள்ளவர், எடை குறைய செமாகுளுடைட் ஊசி போடுபவர், இவர்களிடமும் கடிகாரம் ஏமாற்றும். ஸ்கேன் மெஷின் இருந்தால் மேல்வயிற்றில் வைத்து ஒரு நிமிடம் பாருங்கள், இல்லையென்றால் வயிறு நிறைந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதும் தவறு. நம் ஊரில் டீ சாப்பாட்டுக் கணக்கில் வராது, "இல்லீங்க" என்றுதான் பதில் வரும். "கடைசியா வாயில என்னங்க போச்சு, டீயா, கம்மங்கூழா, மோரா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். குழந்தை என்றால் கூட வந்திருக்கும் அம்மாயியையும் கேளுங்கள், அழுகிறதே என்று இரண்டு பிஸ்கட் கொடுத்திருப்பார். மயக்கத்துக்கு முன்னால் விட வேண்டிய இடைவெளி: தண்ணீர், பால் விடாத காபிக்கு 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, பால் டீக்கும் இட்லிக்கும் 6, பிரியாணி மாதிரி எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு 8. அதற்காக முந்தின ராத்திரியிலிருந்து தண்ணீர்கூடக் கொடுக்காமல் மத்தியானம் வரை காயப்போடுவதும் தப்புதான், பாவம் வயசானவர்கள் வாடிப்போகிறார்கள்.

வயிறு நிறைந்தவருக்கு எல்எம்ஏ (தொண்டையோடு நின்றுவிடும் மாஸ்க்) போட்டு ஒப்பேற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போகும் டியூப்தான் போட வேண்டும். குடல் அடைத்தவருக்கு, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப் வழியாக உறிஞ்சி எடுத்த பிறகே மயக்கம். தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும். உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் மெஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், குழாய் தலையணைக்கு அடியில் இருக்க வேண்டும், இழுக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்க வேண்டும். மூலையில் இருக்கும் மெஷினுக்கு ஒருவர் ஓடி ஸ்விட்ச் போடுவதற்குள் எல்லாம் உள்ளே போயிருக்கும். மூச்சு கொடுக்கும் பேக்கை பலமாக அமுக்கினால் காற்று வயிற்றுக்குப் போய் உள்ளே இருப்பதை மேலே தள்ளும், அவசியமானால் மெதுவாக அமுக்குங்கள்.

வயிற்றில் இருப்பது மேலே வராமலிருக்கக் கழுத்தில் கிரிகாய்டை (குரல்வளைக்குக் கீழே உள்ள குருத்தெலும்பு வளையத்தை) அழுத்துவது 1961இல் செலிக் என்ற மயக்க மருத்துவர் சொன்னது. பிரான்சில் 3,472 பேரிடம் செய்து 2019இல் வெளியான ஆய்வில், அழுத்தியவர்களுக்கும் அழுத்துவதுபோல் பாவனை செய்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. செய்யலாம், ஆனால் அதையே நம்பி இருக்காதீர்கள். அழுத்துவதால் டியூப் போகும் வழி கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் கையை எடுத்துவிடுங்கள், வாந்தி வரும்போதும் எடுத்துவிடுங்கள்.

அப்படியும் வந்துவிட்டால் பதற்றத்தில் பேக்கை அமுக்காதீர்கள், அது எல்லாவற்றையும் நுரையீரலுக்குள் தள்ளிவிடும். தலையைத் தாழ்த்தி, ஒருபக்கமாகத் திருப்பி, முதலில் உறிஞ்சுங்கள். டியூப் போட்டதும் அதன் வழியாகவும் ஒருமுறை உறிஞ்சிவிட்டு அப்புறம் மூச்சு கொடுங்கள்.

ஆபரேஷன் முடிந்தது என்று அவசரப்பட்டு டியூபை எடுப்பதிலும் இதே ஆபத்து உண்டு. லேசாக முனகுவது விழிப்பு இல்லை. வாயை நன்றாக உறிஞ்சிவிட்டு, கண் திறந்து, "நாக்கை நீட்டுங்க" என்றால் நீட்டும் வரை காத்திருங்கள்.