ஸ்பேசர் போட்டால் நட்டு சுற்றை எண்ணுங்கள்

ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ள ரிம்முக்குப் பின்னால் வைக்கும் வட்டத் தட்டு) வைத்து ரிம்மை மாட்டியதும், நட்டைக் கையாலேயே திருகி, இறுகும் வரை எத்தனை முழுச் சுற்று என்று எண்ணுங்கள். மஸ்டா எம்எக்ஸ்-5 போல, 12 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. மரை இடைவெளியும் கொண்ட ஸ்டட் (நட்டு ஏறும் மரைக் கம்பி) உள்ள காருக்கு 8 சுற்றுக்குக் குறையவே கூடாது.

அந்த ஸ்டட்டில் ஒரு சுற்றுக்கு நட்டு 1.5 மி.மீ. நகரும், 8 சுற்று என்றால் 12 மி.மீ. மரை பிடிப்பு, அதாவது ஸ்டட்டின் விட்டம் அளவு. 5 மி.மீ. ஸ்பேசரே மூன்று சுற்றுக்கு மேல் விழுங்கிவிடும். குறைந்தால் நீள ஸ்டட் மாற்றுங்கள். ஐந்து சுற்றுப் பிடிப்போடு ஓட்டினால் வளைவில் மரை உரிந்து சக்கரமே கழன்றுவிடலாம். இதில் சமரசம் வேண்டாம்.

வாய் மூடிய நட்டில் இந்தக் கணக்கை மட்டும் நம்ப முடியாது. ஸ்டட் உள்ளே முட்டி நின்றால், ரிம் இறுகாமலே இறுகியதுபோல் தோன்றும். அதனால் வாய் திறந்த நட்டால் எண்ணிப் பாருங்கள். ஸ்டட்டுக்குப் பதில் போல்ட் போட்டு முடுக்கும் கார்களில், ஸ்பேசர் எத்தனை மி.மீ. தடிமனோ அத்தனை நீளம் கூடின போல்ட் வேண்டும். அடாப்டர் (காரின் ஸ்டட்டில் தனியே முடுக்கி, தன் சொந்த ஸ்டட்டில் ரிம்மைத் தாங்கும் தடித்த ஸ்பேசர்) என்றால் இரண்டு வரிசை நட்டையும் தனித்தனியே எண்ணுங்கள். உள்வரிசையை டார்க் ரெஞ்சால் (குறித்த விசை அளவுக்கு முடுக்கும் ஸ்பேனர்) முடுக்கிய பிறகே ரிம்மை ஏற்றுங்கள், பிறகு அதை எட்டவே முடியாது.